பெருங்கண்ணவேளின் பெருவிரல்

பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் மாலை. நொச்சியாற்றின் கீழ்க்கரையில், பனங்காட்டின் தலைக்கு மேலே, ஓர் ஓரம் மட்டும் இன்னும் நிறையாத நிலா எழும்பிக்கொண்டிருந்தது. மேற்கே குன்றின்மீது நின்ற கோட்டை மதிலில் கதிரவனின் கடைசிச் செவ்வொளி தங்கி, போக மனமில்லாமல் தயங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஒளிகளுக்கும் நடுவே, கோடையில் ஒரு வாய்க்கால் அளவாக நீர் சுருங்கிப் போய், எஞ்சிய அகலமெல்லாம் வெண்மணலாய் விரிந்து கிடந்தது ஆறு. கரையோரக் கொன்றைகள் பொன்னைக் கொட்டியிருந்தன. மணல் திட்டில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தன. வாசகர்களே, இந்த எழிலை இன்னும் சற்று நின்று பார்க்கலாம் என்றுதான் நமக்கும் ஆசை. ஆனால் கோட்டைக்குள்ளிருந்து, "ஐயோ! அப்பா! செத்தேன்!" என்று ஒரு குரல் கிளம்பி நாரைகளை எல்லாம் ஓட்டிவிட்டதே, என்ன செய்வது?

கசையடி படும் கள்வன் எவனோ அலறுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்கரை நாட்டின் அதிபதி, மார்பில் அம்பு தைத்தபோதுகூட முகம் சுளிக்காத மாவீரர் பெருங்கண்ணவேள்தான் அப்படி அலறினார். காரணம், அவருடைய வலக்காலின் பெருவிரல்.

அந்த விரல் அத்திப்பழமாய்ச் சிவந்து வீங்கியிருந்தது. பட்டுப் போர்வையின் நுனி பட்டாலும் வேள் துள்ளினார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற அரண்மனை மருத்துவச்சி காரிநங்கை, அந்த விரலைப் பார்த்தாள். வேளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"வேளே! இந்த மாதம் முழுவதும் பத்தியம் தவறவில்லை என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்களே?"

"செய்தேன். வேண்டுமானால் இப்போதும் செய்கிறேன். இப்படி வா."

"வேண்டாம்! என் தலை எனக்கு வேண்டும்."

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. வேளுக்கு வந்திருந்தது வாதரத்தம் என்னும் நோய். கொழுத்த உணவாலும் கள்ளாலும் இரத்தம் கெட்டு, அந்தக் கேடு மூட்டுகளில் இறங்கி நெருப்பாய் எரிக்கும். மருந்து பாதி, பத்தியம் பாதி. மருந்தை அவள் கொடுத்துவிடுவாள். மற்ற பாதி வேளின் நாக்கில் இருந்தது. அந்த நாக்கை அடக்க இந்த நாட்டில் ஆள் பிறக்கவில்லை. மற்ற நாளாயிருந்தால், பட்டால்தான் தெரியும் என்று விட்டிருப்பாள். நாளை மாலை அந்தக் காலுக்கு ஒரு வேலை இருந்தது.

நொச்சியாற்று மணலின் நடுவில், மேல்கரைக்கும் கீழ்க்கரைக்கும் பொதுவாக ஓர் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அந்த இரு நாட்டாரும் போரை முடித்துச் சமாதானம் பேசினால், வாய்ச்சொல்லை நம்புவதில்லை. சமாதானம் கேட்ட நாட்டின் தலைவன், அடுத்த பங்குனிப் பௌர்ணமியன்று நிலா எழும் வேளையில், வெறுங்காலோடு, கோல் ஊன்றாமல், எவர் தோளையும் தொடாமல் தன் கரையிலிருந்து நடந்து வரவேண்டும். வலக்காலை அந்தக் கல்லின்மேல் ஊன்றி, "என் கால் இதைத் தாண்டாது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பிணையாள் வீடு திரும்புவான். நடுவழியில் விழுந்தாலோ, வராமலே இருந்தாலோ, பிணையாளின் தலை அதே மணலில் உருளும்.

இம்முறை பிணையாகக் கீழ்க்கரைச் சிறையில் இருந்தவன் வேளின் தங்கை மகனும் படைத்தலைவனுமான ஏறன். சென்ற ஐப்பசியில் அவனுக்கும் காரிநங்கைக்கும் நிச்சயம் நடந்தது. நிச்சயத்தாம்பூலத்தின் சிவப்பு வாயிலிருந்து போகுமுன் போர் வந்தது. ஆக, வேளின் பெருவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய வாழ்வு.

"நான் என்னதான் தின்றுவிட்டேன்?" என்று வேள் முனகினார். "எயினனைக் கேள்! அவன் நாக்கில் படாமல் ஒரு பருக்கையாவது என் வாய்க்குள் போனதுண்டா?"

வேளின் உணவைச் சுவைத்துப் பார்த்து, நஞ்சில்லை என்று உறுதி சொல்லும் பதவி எயினனாருடையது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே வந்தார். "நங்கையாரே, என் உயிரைப் பணயம் வைத்துச் சொல்கிறேன். ஒரு பண்டத்திலும் குற்றமில்லை. காலையில் ஆட்டு ஈரல், மிளகிட்டது. உச்சிவேளையில் குண்டிக்காய் வறுவலும் மூளைப் பொரியலும். மாலையில் நெத்திலிக் கருவாட்டுச் சாறு. படுக்குமுன் முற்றிய கள். எல்லாம் நான் தின்று பார்த்து, குடித்துப் பார்த்து அனுப்பியவை."

காரிநங்கைக்குக் கண் இருண்டது. "இறைச்சியைத் தொடாதீர்கள் என்றேனே, வேளே!"

"இறைச்சியை எங்கே தொட்டேன்? ஈரல் எப்படியம்மா இறைச்சியாகும்?"

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு, "தண்ணீர்? நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேனே?" என்றாள்.

"தண்ணீர் குடித்தால் சளி பிடிக்கும் என்று நம் சமையற்காரன் சேந்தன் சொன்னான்" என்றார் எயினனார். "அதனால் குறைத்துவிட்டோம். நல்ல கைக்காரன் அவன். தை மாதம் வந்து சேர்ந்ததிலிருந்து வேளின் முகத்தில் என்ன களை, பார்த்தீர்களா?"

காரிநங்கை அப்படியே நின்றுவிட்டாள். நாக்கு நீண்டவன் கண்டதைத் தின்பான். அதில் நாலில் ஒன்றாவது நல்லதாய் இருந்து தொலைக்கும். இங்கே ஒன்றுகூடத் தப்பவில்லை. வாதரத்தக்காரன் எதையெதை ஒதுக்க வேண்டுமோ அதையெல்லாம் எவனோ தேடிப் பொறுக்கி, நெய் ஊற்றிப் பொரித்து, வேளை தவறாமல் பரிமாறியிருக்கிறான். இதை வெறும் சமையற்காரன் செய்ய முடியாது.

அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு விரைந்தாள்.

அடுக்களையில் சேந்தன் ஈரலை நறுக்கிக்கொண்டிருந்தான். நடுவயது, சாந்தமான முகம். காரிநங்கை பையிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கலப்பை வடிவாய் வளைந்து வெளுத்திருந்த அதைக் கண்டதுமே மாவிடித்துக்கொண்டிருந்த பெண்கள், "ஆத்தாடி! காந்தள் கிழங்கு!" என்று உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? செங்காந்தளின் பூவைத் தலையில் சூடலாம். கிழங்கைத் தின்றால் பாடைதான். அது நாட்டில் சிறுபிள்ளைக்கும் தெரியும். சேந்தன் ஓடவில்லை. துண்டை எடுத்தான், மோந்தான், நகத்தால் கீறிப் பார்த்தான்.

"எத்தனை நாள் மோரில் ஊறியது?" என்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவனுக்கே தெரிந்தது.

"சமையற்காரருக்கு அது எதற்கு?" என்றாள் காரிநங்கை. "காந்தளின் நஞ்சை மோரும் உப்பும் இழுக்கும் என்பதும், நஞ்சு இழுத்த கிழங்கு வாதரத்தத்தின் வீக்கத்தை வற்றச் செய்யும் என்பதும் மருத்துவம் படித்தவருக்கல்லவா தெரியும்?"

சேந்தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "கெட்டேன் போ! வேஷம் போட்டாலும் தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. பெண்ணே, கீழ்க்கரை அரண்மனை வைத்தியன் மாறன் நம்பி என்று கேள்விப்பட்டிருப்பாயே?"

கேள்விப்பட்டிருந்தாள். அவளுடைய தந்தை அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லுவார். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வெட்கமாயில்லையா, ஐயா? நோயைத் தீர்க்கப் படித்த படிப்பை வைத்துக்கொண்டு நோயைச் சமைத்துப் போடுகிறீரே!"

"நான் நஞ்சு வைத்தேனா? உங்கள் எயினனாரையே கேள். ஈரல் கொண்டுவா என்று உங்கள் வேள் கேட்டார், கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம் என்றார், போட்டேன். வேண்டாம் என்றவர் வாயில் திணித்தேனா?" நம்பி பேசிக்கொண்டே பின்வாசல் பக்கமாக நகர்ந்தான். "நாளைக்கு வேள் நடக்கமாட்டார். உங்கள் படைத்தலைவனும் திரும்பமாட்டான். இந்தக் கிழங்கு நடக்கவைக்கும், மெய்தான். ஆனால் ஈரலையும் கள்ளையும் உள்ளே விட்ட எயினனார் இதை உள்ளே விடுவாரா? போய்க் கேட்டுப் பார்!"

"பிடியுங்கள் அவனை!" என்று காரிநங்கை கத்தியபோது அவன் சாம்பல் கொட்டும் திட்டிவாசல் வழியாகக் குதித்துவிட்டான். காவலர்கள் ஈட்டியைத் தேடி, செருப்பைத் தேடி, கோட்டைக் கதவின் சாவி யாரிடம் என்று ஒருவரையொருவர் கேட்டு முடிப்பதற்குள், ஆற்று மணலில் ஓர் உருவம் கீழ்க்கரையை நோக்கி ஓடுவது நிலவில் தெரிந்தது. மாதக் கணக்காக வேளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒற்றன் அவ்வளவு எளிதாகத் தப்பிப் போனான்.

போகும்போது அவன் சொன்னது அப்படியே பலித்தது. காரிநங்கை கிழங்கை இழைத்துத் தேனில் குழைத்து எடுத்து வந்தாள். எயினனார் கட்டிலுக்குக் குறுக்கே கை விரித்து நின்றார்.

"கூடாது! காந்தளை நான் அறிவேன். நான் மறுத்த பண்டம் வேளின் உதட்டில் படக்கூடாது என்பது நம் முன்னோர் விதி."

"எயினனாரே, பகைவன் சமைத்ததை எல்லாம் விட்டீரே!"

"அதில் நஞ்சில்லை."

"அதுதான் இவரைக் கொல்கிறது!"

"இருக்கலாம். ஆனால் நஞ்சில்லை. இது நஞ்சு."

"ஆமாம், நஞ்சுதான்! மோரில் இழுக்கவேண்டியதை இழுத்து, அளவு பார்த்து, கடுகத்தனை கொடுத்தால் மருந்து! அளவு தப்பினால் நஞ்சு! எத்தனை முறை சொல்லுவது?"

எத்தனை முறை சொன்னாலும் எயினனார் அசைவதாக இல்லை. அந்த மனிதருடைய விசுவாசத்தில் ஒரு குன்றிமணி குறை சொல்ல முடியாது. அதனாலேயே அவரை அறையவேண்டும்போல் அவளுக்கு இருந்தது. வேளோ போர்வைக்குள்ளிருந்து, "விதி விதிதானே, நங்கை? வேறு ஏதாவது தைலம் இல்லையா? நொச்சி ஒத்தடம், முடக்கற்றான் சாறு..." என்று இழுத்தார். அவை நல்ல மருந்துகள்தாம். மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்பவை. நாளை மாலைக்குள் வீக்கத்தை இறக்க அவற்றால் ஆகாது.

காரிநங்கை கிண்ணத்திலிருந்த மருந்தில் பாதியை எல்லோரும் பார்க்கத் தன் வாயில் போட்டு விழுங்கினாள். "இப்போது விதிப்படி ஒரு சாமம் பார்த்திருங்கள்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

அன்பான வாசகர்களே, இந்தக் கதையைப் படித்துவிட்டு எவரும் வேலியோரத்துக் காந்தளைத் தோண்டப் புறப்பட்டுவிடாதீர்கள். நோயற்ற உடம்பில் அந்த மருந்து என்ன செய்யும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சாமம் முடிவதற்கு முன்பே அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. எழுந்து முற்றத்துக்கு ஓடினாள். முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"பார்த்தீர்களா! பார்த்தீர்களா!" என்று எயினனார் துள்ளினார். "நான் சொன்னேனா இல்லையா?"

அந்தக் கணத்தில் காரிநங்கைக்கு அரண்மனை மரியாதை எல்லாம் மறந்துபோயிற்று. கட்டிலை நெருங்கி வேளின் கண்ணைப் பார்த்தாள்.

"கேளும், வேளே! எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. காலையில் சரியாகிவிடும். நாளை மாலை உமது மருமகன் கழுத்தில் வாள் விழுந்தால் அது சரியாகுமா? உமக்குச் சமாதானம் வேண்டும் என்றதும், 'மாமா, நான் போகிறேன்' என்று விலங்குக்குக் கையை நீட்டினாரே அவர், ஒரு வார்த்தை கேட்டாரா? அந்தப் பிள்ளையை நீர் ஈரலுக்கு விற்றீர்! நஞ்சு வைத்துக் கொன்றிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும். தின்று கொன்றீர் என்று நான் எவரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?"

வேளிடம் இப்படிப் பேசியவர்கள் அதற்குப் பின் அதிக நாள் பேசியதில்லை. வேளின் முகம் கறுத்தது, மீசை துடித்தது, பிறகு அந்தப் பெரிய கண்கள் மெல்லத் தாழ்ந்தன.

"எயினா, விலகு" என்றார்.

"வேளே, விதி..."

"விலகடா!"

கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி, வழித்து நக்கிவிட்டார். கசப்பில் முகம் கோணியது. அதன்பின் குடம் குடமாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவையும், எல்லோரையும் திட்டிக்கொண்டே, குடித்தார்.

மறுநாள் மாலைக்குள் வீக்கம் பாதி வற்றியிருந்தது. பாதி வற்றவில்லை. இன்னும் ஒரு நாள் கிடைத்திருந்தால், என்று காரிநங்கை பல்லைக் கடித்தாள். அந்த ஒரு நாளை யார் கொடுப்பார்கள்?

நிறைநிலா பனங்காட்டுக்கு மேலே தலை காட்டியது. இரு கரையிலும் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லைக்கல்லுக்கு அப்பால், கைகள் பின்னால் கட்டப்பட்டு, ஏறன் மண்டியிட்டிருந்தான். அவனருகே வாள் ஏந்தியவன் ஒருவன். அவனுக்குப் பின்னே, வெண்பட்டும் உருத்திராக்கமுமாய், சமையற்கார வேஷம் கலைந்த மாறன் நம்பி. வேளின் காலைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.

வேள் மணலில் இறங்கினார். முதல் அடியிலேயே அவர் தாடை இறுகியதைக் காரிநங்கை கண்டாள். ஆற்று மணல் மெத்தென்றிருக்கும் என்று நினைப்பவர்கள் வாதரத்தக் காலோடு அதில் நடந்து பார்க்கவேண்டும். ஒவ்வோர் அடியிலும் மணல் உள்வாங்கி, விரலைப் பிடித்து முறுக்கியது. வேள் முனகினார். பிறகு முனகல் வசவாக மாறியது. கீழ்க்கரையாரைத் திட்டினார், நம்பியின் ஏழு தலைமுறையைத் திட்டினார், ஆட்டைத் திட்டினார், ஆட்டின் ஈரலைத் திட்டினார், இந்தக் கல்லை இவ்வளவு தொலைவில் நட்ட முப்பாட்டனைத் திட்டினார். கரையில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நடு மணலில் அவர் நின்றுவிட்டார். வலக்கால் மடங்கியது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வாள்காரன் வாளை உயர்த்தினான்.

வேள் தலையைத் தூக்கி ஏறனைப் பார்த்தார். ஏறன், "வேண்டாம், மாமா" என்பதுபோல் தலையசைத்தான். அந்தத் தலையசைப்புத்தான் அவரை நிமிர்த்தியது என்று காரிநங்கை பின்னாளில் எல்லோரிடமும் சொல்லுவாள். மருந்து பாதி, மானம் பாதி என்பாள். வேள் திட்டுவதை நிறுத்தினார். ஒரு சொல்லும் பேசாமல், கன்னத்தில் நீர் வழிய, மீதி மணலை நடந்தார். வீங்கிய காலைத் தூக்கிக் கல்லின்மேல் அழுத்தி ஊன்றினார்.

"என் கால் இதைத் தாண்டாது!"

மேல்கரை முழுவதும் ஆர்ப்பரித்தது. மாறன் நம்பி ஒரு கணம் காரிநங்கையின் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்திவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தான். கட்டை அறுத்தார்கள். ஏறன் எழுந்து ஓடி வந்து மாமனின் காலில் விழப் போக, "அந்தக் காலைத் தொடாதே, பாவி!" என்று வேள் அலறினார். காரிநங்கை எப்படி அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஏறன் மெலிந்திருந்தான், தாடி வளர்ந்திருந்தது, அவளைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு போதும் அவளுக்கு.

வேள் பிணையாளை மீட்ட பெருமிதத்தோடு மீசையைத் தடவினார். "எயினா! இன்று போல் ஒரு நாள் உண்டா? கொண்டுவா அந்தக் கள்ளுக் குடத்தை! அடுக்களையில் சொல்லு, எட்டு ஆடு! ஈரலை மட்டும் தனியாக எடுத்து வை!"

எயினனார் குடத்தைக் கொண்டுவந்து, முறைப்படி ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, "குற்றமில்லை, வேளே" என்று ஒரு கிண்ணத்தில் ஊற்றி வேளின் கையில் கொடுத்தார்.

காரிநங்கை அந்தக் குடத்தைப் பார்த்தாள். வேளைப் பார்த்தாள். எல்லைக்கல்லின்மேல் தன் வலக்கையை வைத்தாள்.

"இரு கரையாரும் கேளுங்கள்! எங்கள் வேள் ஒரு மண்டலம் முழுவதும், ஒரு கவளமும் தவறாமல், பத்தியம் இருந்து முடிக்கும் வரையில் என் கழுத்தில் தாலி ஏறாது. நடுவில் ஒரு வாய் தவறினாலும் மண்டலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இது இந்தக் கல்லறிய ஆணை!"

வாளுக்கு முன்னே கண் இமைக்காமல் இருந்த ஏறன், இப்போது இடி விழுந்தவன்போல் நின்றான். "நங்கை! என்ன காரியம் செய்தாய்? மாமாவின் நாக்கை நம்பியா? நம் இரண்டு பேருக்கும் தலை நரைத்துப் போகுமே!"

"மருமகனே!" என்றார் வேள், மனம் புண்பட்டு. பிறகு அவனைப் பார்த்தார். அவன் விளையாட்டாய்ச் சொல்லவில்லை. மாமன் நடக்கமாட்டார் என்று நினைத்து மண்டியிட்டிருந்தபோது வராத கலக்கம், இப்போது அவன் கண்ணில் வந்திருந்தது. வேள் தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். கள் நுரைத்துக்கொண்டிருந்தது.

"எயினா," என்றார் கடைசியில், "மோர் இருந்தால் கொண்டுவா."

கிண்ணத்தை மணலில் கவிழ்த்தார். நேற்று மாலையிலிருந்து கோபத்தையே கையில் பிடித்துக்கொண்டு நின்ற காரிநங்கைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.